உங்களுக்குத் தெரியுமா? ஒரு பனியன், பத்துப் பட்டறை

திருப்பூரில் ஒரு டி-ஷர்ட் முழுக்க ஒரே கூரையின்கீழ் தயாராவது அபூர்வம். நிட்டிங் ஓரிடம், சாயம் ஓரிடம். காம்பாக்டிங், பிரின்டிங், தையல், செக்கிங் என்று ஒவ்வொன்றுக்கும் பெரும்பாலும் தனித்தனி ஜாப் ஒர்க் பட்டறை. ஆர்டர் பிடித்தவர் துணியை டெம்போவில் ஏற்றி இறக்கியே சரக்கை முடித்துவிடலாம். எல்லா மெஷினையும் சொந்தமாக வாங்கிப் போட வேண்டியதில்லை. சின்ன முதலாளிகளும் ஏற்றுமதியில் இறங்க முடிந்த சூட்சுமம் இதுதான்.

ஆர்டருக்காக ஒருவரோடொருவர் மல்லுக்கட்டும் இவர்களே 1990-இல் ஏற்றுமதியாளர் சங்கமும் அமைத்தார்கள். பிறகு அரசோடும் தனியார் முதலீட்டாளர்களோடும் சேர்ந்து, பவானி பக்கமிருந்து சுமார் 55 கிலோமீட்டர் குழாய் பதித்துத் தண்ணீர் கொண்டுவந்தார்கள். ஆலைகள் கட்டும் கூடுதல் கட்டணத்தில் கிராமங்களுக்கு மலிவாகக் குடிநீர்!

நொய்யல் ஆற்று விஷயத்தில்தான் இந்த ஒற்றுமை ரொம்பத் தாமதம். அந்த ஆற்றின் ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கி, விவசாயிகள் வழக்குக்குப் போய், 2011-இல் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 700-க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. ஒரு சொட்டுக் கழிவும் ஆற்றுக்குப் போகக்கூடாது என்ற நிபந்தனையில்தான் மறுபடி திறந்தன. இன்று பல பட்டறைகள் சேர்ந்து நடத்தும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள், கழிவிலிருந்து நீரையும் உப்பையும் மீட்டுச் சாயத்தொட்டிக்கே திருப்பி அனுப்புகின்றன.