பைக்காரா மிஸ்ட்டில் எந்த நிற வண்டி கண்ணில் படும்?

ஜூன் முதல் வாரத்தில் தென்மேற்குப் பருவமழை இறங்கிவிடும். அதற்குள் எஃப்.சி. முடிக்க வேண்டும் என்று டாக்ஸிகளும் பிக்கப் வண்டிகளும் பெயின்ட் பட்டறைகளில் வரிசை கட்டியிருக்கின்றன. இந்த மாதக் கடிதக் கட்டிலும் அதே கவலைதான். "எப்படியும் பெயின்ட் அடிக்கப் போகிறோம், வெள்ளை அடித்தால் விபத்து குறையுமாமே?" என்று கூடலூர் டாக்ஸி ஓட்டுநர் ஒருவர் கேட்கிறார். கறுப்புக் காருக்கு முன்பணம் கொடுத்துவிட்டுத் தூக்கம் வராமல் இருக்கிறார் கோத்தகிரி வாசகர் ஒருவர். மூன்றாவது கடிதம் நேர் எதிர்: பனியில் வெள்ளை வண்டிதான் ஆபத்து, அரசு ஏன் வெள்ளையைத் திணிக்கிறது என்கிறார் எழுதியவர்.

'வெள்ளையே பாதுகாப்பு' என்று சாலைப் பாதுகாப்பு வாரக் கூட்டங்களில் காதில் விழும் பேச்சுக்கு அடிப்படையாகப் பெரும்பாலும் காட்டப்படுவது ஓர் ஆஸ்திரேலிய ஆய்வு. மோனாஷ் பல்கலைக்கழகத்தின் விபத்து ஆராய்ச்சி மையம் 2007இல் வெளியிட்டது. வெள்ளைக் காரோடு ஒப்பிட்டால் கறுப்புக் கார் பகலில் விபத்தில் சிக்கும் வாய்ப்பு 12 சதவீதம் அதிகம், விடியலிலும் அந்தியிலும் 47 சதவீதம் வரை அதிகம் என்றது அது. மேடையில் ஏறுவது இந்த எண்கள் மட்டும்தான். கணக்கு எடுக்கப்பட்டது விக்டோரியாவிலும் மேற்கு ஆஸ்திரேலியாவிலும், அதாவது வெயில் கொளுத்தும் அகலமான சாலைகளில், என்பதை யாரும் சொல்வதில்லை. அதற்கு நாலு வருடம் முன்பு, 2003இல், பக்கத்து நாடான நியூசிலாந்தின் ஆக்லாந்தில் நடந்த ஆய்வோ வெள்ளிநிறக் காரில் கடுங்காயம் படும் வாய்ப்பு வெள்ளைக் காரைவிடப் பாதியளவு குறைவு என்றது. மோனாஷ் கணக்கில் அதே வெள்ளிநிறம் வெள்ளையைவிட ஆபத்தானது! ஆய்வாளர்கள் பொய் சொல்லவில்லை. நிறத்துக்கென்று தனியாக ஒரு பாதுகாப்பு மதிப்பெண் கிடையாது, அவ்வளவுதான். வண்டியின் நிறத்துக்கும் அதன் பின்னால் இருக்கும் நிறத்துக்கும் எவ்வளவு வித்தியாசம் என்பதைத்தான் கண் பார்க்கிறது.

ஊட்டியிலிருந்து பைக்காரா வரை சுமார் 20 கிலோமீட்டர். இந்தத் தூரத்துக்குள் வண்டியின் பின்னணி எத்தனை முறை மாறுகிறது என்று பாருங்கள். தலைக்குந்தா தாண்டிப் பைன் காட்டு நிழலில் எல்லாமே இருட்டு. அங்கே வெள்ளைக் கார் பளிச்சென்று தெரியும், கறுப்பு மரத்தோடு மரமாகிவிடும். 9வது மைல் புல்வெளியில் மேகம் தரையைத் தொட்டுக்கொண்டு நிற்கும்போது இது தலைகீழாகிறது. அங்கே நடப்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

பகல் பனிமூட்டத்தில் உங்களுக்கும் முன்னால் போகும் வண்டிக்கும் நடுவே கோடானுகோடி நீர்த்திவலைகள் மிதக்கின்றன. ஒவ்வொன்றும் மேலிருந்து வரும் வெளிச்சத்தை வாங்கி நாலாபக்கமும் இறைக்கிறது. அதில் ஒரு பங்கு உங்கள் கண்ணுக்கு வருகிறது. நடுவில் தொங்கும் வெண்திரையின் வெளிச்சம் அது. வண்டிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. தூரம் கூடக்கூடத் திரையின் வெளிச்சம் ஏறும், வண்டியிலிருந்து வருவது தேயும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஏறத்தாழ 2 சதவீதத்துக்குக் கீழே போனதும் கண் கைவிட்டுவிடுகிறது. அந்த இடத்தில் வண்டி 'காணாமல்' போகிறது. ஜெர்மனியின் ஹரால்ட் கோஷ்மீடர் 1924இலேயே இதற்குச் சூத்திரம் எழுதிவிட்டார். பார்வைத் தூரத்தை அளக்கும் வானிலைக் கணக்கு இன்றும் அதன்மேல்தான் நிற்கிறது.

இப்போது வெள்ளைக் காரை அந்தத் திரைக்குள் விடுங்கள். தொடக்கத்திலேயே அதற்கும் திரைக்கும் வித்தியாசம் குறைவு. கறுப்புக் காருக்கு வித்தியாசம் அதிகம், ஆகவே அந்த வித்தியாசம் கரைந்து தீரக் கூடுதல் தூரம் பிடிக்கிறது. ஆக, நண்பகல் மிஸ்ட்டில் முதலில் மறைவது வெள்ளைதான். மூன்றாவது கடிதக்காரர் சொன்னது சரி. ஆனால் அவர் கொண்டாட வேண்டாம். 50 மீட்டருக்கு மேல் எதுவும் தெரியாத மூட்டத்தில் வெள்ளையைவிடக் கறுப்பு கூடுதலாகத் தெரியும் தூரம் பெரிதல்ல. 40 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவருக்கு, காலை பிரேக்குக்குக் கொண்டுபோவதற்குள்ளேயே 17 மீட்டர் போய்விடும். ஈரச் சாலையில் நிற்க இன்னும் 16 மீட்டராவது வேண்டும். நடுவட்டம் இறக்கத்தில் அதுவும் போதாது.

வானிலைத் துறை அகராதிப்படி 1,000 மீட்டருக்குக் கீழே பார்வை குறைந்தாலே அது மூடுபனி. 900 மீட்டர் தெரிந்தால் நம் ஓட்டுநர்கள் அதைத் தெளிந்த வானம் என்பார்கள். எச்சரிக்கை அறிவிப்பில் 'மூடுபனி' என்று வாசிப்பதால் நமக்கு ஒன்றும் தெரிந்துவிடாது. பைக்காரா பாலத்தில் எத்தனை மீட்டர் தெரிகிறது என்று யாராவது அறிவித்தால் உபயோகம்.

நிறம் கைவிட்ட இடத்தில் விளக்கு காப்பாற்ற வேண்டும். எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் உறுத்துவது இங்கேதான். புதுக் கார்களில் பகலிலேயே எரியும் டி.ஆர்.எல். விளக்கு முன்பக்கம் இருக்கிறது. டாஷ்போர்டும் எப்போதும் ஒளிர்கிறது. ஓட்டுகிறவர் லைட் போட்டிருப்பதாகவே நினைக்கிறார். பல மாடல்களில் டி.ஆர்.எல். மட்டும் எரியும்போது பின்விளக்கு எரியாது. சரி, சுவிட்சை 'ஆட்டோ'வில் வைத்திருக்கிறேனே என்பீர்கள். அந்த சென்சார் அளப்பது வெளிச்சத்தை. பார்வைத் தூரத்தை அல்ல. பகல் மிஸ்ட் வெளிச்சமானது, ஆகவே சென்சார் கண்ணுக்கு எல்லாம் நலம். விளைவு: முன்னால் மினுக்கிக்கொண்டு, முதுகில் ஒரு சிவப்புப் பொட்டுகூட இல்லாமல் வெள்ளைக் கார் வெள்ளைக்குள் போகிறது. பின்னால் வரும் லாரிக்கு அது கடைசி நொடியில்தான் முளைக்கும். இதற்கு மருந்து சுவிட்சை ஒரு திருகு கையால் திருகுவது. ஷோரூமில் வண்டி கொடுக்கும்போது ப்ளூடூத் இணைப்பதைக் கால் மணி நேரம் சொல்லித் தருகிறார்கள், இதைச் சொல்வதில்லை.

அரசு ஏன் வெள்ளையைத் திணிக்கிறது என்ற கேள்விக்கு வருவோம். கடிதம் குறிப்பிடுவது கேரள அரசை. 2022 அக்டோபர் 5 இரவு, பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஊட்டிக்கு வந்துகொண்டிருந்த சுற்றுலாப் பேருந்து ஒன்று, பாலக்காடு மாவட்டம் வடக்கஞ்சேரி அருகே முன்னால் போன கேரள அரசுப் பேருந்தின் பின்புறம் மோதியது. 9 பேர் இறந்தார்கள். அதில் 5 பேர் மாணவர்கள். அதன் பிறகுதான் சுற்றுலாப் பேருந்துகள் எல்லாம் வெள்ளையாக இருக்க வேண்டும் என்ற விதியை அங்கே கறாராக்கினார்கள். கண்ணைப் பறிக்கும் ஓவியமும் எல்.இ.டி. அலங்காரமும் மற்ற ஓட்டுநர்களின் கவனத்தைச் சிதறடிக்கின்றன என்பது சொல்லப்பட்ட காரணம். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அந்த விபத்தில் வண்ணப் பேருந்து பின்னால் வந்தது. மோதுகிற வண்டியின் நிறத்தைப் பார்க்க அங்கே யார் இருந்தார்கள்? அதிகாரிகள் முதலில் சொன்னதும் அதிவேகத்தைத்தான். பெயின்டைச் சோதிக்க நிமிர்ந்து பார்த்தால் போதும். வேகக் கட்டுப்பாட்டுக் கருவியை யாராவது நோண்டியிருக்கிறார்களா என்று பார்க்க மெனக்கெட வேண்டும். எளிதானதற்கு முதலில் ஆணை பிறந்தது. அந்த வெள்ளைப் பேருந்துகள்தான் இந்த ஜூனிலும் கூடலூர் வழியாக நடுவட்டம் ஏறிப் பைக்காரா மிஸ்ட்டுக்குள் நுழையும்.

மற்றக் கேள்விகளுக்குச் சுருக்கமாக.

சிவப்பு நல்லதா? பகலில் தேயிலைப் பச்சைக்கு எதிரே நன்று. அந்தியில் கண்ணின் உணர்வு நீலப்பச்சைப் பக்கம் நகர்வதால் சிவப்புதான் முதலில் கறுத்துப் போகும்.

சாம்பல், வெள்ளி? மழை நாளில் மேகம், தார்ச் சாலை, வண்டி மூன்றும் ஒரே நிறம். இந்தச் சாலைக்கு நான் தேர்ந்தெடுக்க மாட்டேன்.

2023இல் புதுப்பித்து விட்ட தமிழ்நாடு அரசுப் பேருந்துகளின் மஞ்சள்? காட்டுக்கு எதிரே அருமை, மிஸ்ட்டில் வெளுத்துவிடும்.

மஞ்சள் ஃபாக் லேம்ப் பனியைத் துளைக்குமா? துளைக்காது, திவலைகள் ஒளியலையைவிடப் பல மடங்கு பெரியவை, எல்லா நிறத்தையும் ஒரே மாதிரி சிதறடிக்கும். அந்த விளக்கு உதவுவது தாழ்வாக இருப்பதால். ஹைபீம் போட்டால் திரைக்குத்தான் வெளிச்சம்.

ஹசார்ட் போட்டுக்கொண்டு ஓட்டலாமா? கூடாது, நீங்கள் எந்தப் பக்கம் திரும்புகிறீர்கள் என்பது பின்னால் வருபவருக்குத் தெரியாது.

டூவீலர்? 2017 ஏப்ரல் முதல் வந்த வண்டிகளில் ஹெட்லைட் தானாக எரியும். ஆக்லாந்திலேயே 2004இல் வெளியான இன்னொரு ஆய்வு, ஒளிரும் அல்லது ஒளியைத் திருப்பும் மேலாடை போட்டவர்களுக்கு விபத்துக் காயம் 37 சதவீதமும் வெள்ளை ஹெல்மெட் போட்டவர்களுக்கு 24 சதவீதமும் குறைவு என்றது.

காட்டுமாடு? கறுப்பு உடம்பு, விளக்கு கிடையாது. அந்தியில் ரோட்டோரம் நாலு வெள்ளைக் காலுறை மட்டும் தனியாக நிற்பதைப் பார்த்தால், மேலே ஒரு டன் எடை இருக்கலாம் என்று பிரேக்கை மிதியுங்கள்.

ஆலிவ் பச்சை? அது ராணுவத்துக்கு மட்டும். மோட்டார் வாகன விதிகள் மற்றவர்களுக்கு அனுமதிப்பதில்லை.

நிறம் மாற்றினால்? ஆர்.சி.யில் நிறம் எழுதியிருக்கிறது, ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கி அதையும் மாற்றுங்கள், இன்சூரன்ஸுக்கும் சொல்லிவிடுங்கள்.

கோத்தகிரி வாசகர் முன்பணத்தைத் திரும்பக் கேட்க வேண்டாம், கறுப்பே வாங்கலாம். டாக்ஸிக்காரருக்கு ஒரு வேண்டுகோள்: எந்த நிறம் அடித்தாலும், பட்டறையில் பின்விளக்கையும் சிவப்பு ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கரையும் சேர்த்து மூடிப் பெயின்ட் அடித்துவிடாமல் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள். மழை தொடங்கியதும் அந்த ஸ்டிக்கரில் படியும் சேற்றைத் தினமும் காலையில் துடையுங்கள்.