வெற்றிடத்தில் எரியும் மின்வில்

‘வெற்றிடத்தின் வழியே மின்சாரம் பாயாது’ என்று வகுப்பில் சொல்லிக்கொடுக்கின்றோம். அது பாதி உண்மையே. மீதியை அறிய வேண்டின், மின் முறிப்பான் என்னும் கருவிக்குள் நிகழ்வதை நோக்குதல் வேண்டும்.

பாயும் மின்சாரத்தைத் துண்டிக்க இரு உலோக முனைகளைப் பிரிக்கின்றோம். கடைசியாக ஒட்டியிருக்கும் இடம் மிகச் சிறியது. மின்னோட்டம் முழுவதும் அங்கே நெருங்குவதால் உலோகம் உருகி ஆவியாகின்றது. முனைகள் விலகிய பின்னும் மின்சாரம் சுடராக எரிந்துகொண்டு ஓடுகின்றது. இதுவே மின்வில். கணத்தில் தோன்றி மறைவது பொறி. நின்று எரிவது வில். மாணவர் இவ்விரண்டையும் ஒன்றாக எழுதினால் திருத்துவது நம் கடன்.

வில் என்ற பெயர் எவ்வாறு வந்தது? 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சர் ஹம்ப்ரி டேவி இரு கரித்துண்டுகளைக் கிடையாக வைத்து இச்சுடரை உண்டாக்கினார். சூடேறிய காற்று மேலெழவே, சுடரும் நடுவில் உயர்ந்து வில்போல் வளைந்தது.

இம்மலைக்கும் இச்செய்திக்கும் தொடர்பு உண்டு. 1963-இல் இயங்கத் தொடங்கிய சுல்தான் யூசுப் மின்நிலையத்தின் திறன் 100 மெகாவாட். அதே கேமரன் மலை நீர்மின் திட்டத்தின் சிறு நிலையம் ஒன்று எங்கள் கோலா தெர்லாவிலும் உள்ளது. தேயிலைத் தொழிற்சாலைகளில் கொழுந்தை உருட்டும் எந்திரம் மின்மோட்டாரால் சுழல்கின்றது. மழைக்காலத்தில் மரம் சாய்ந்து மின்கம்பி அறுந்தால், முறிப்பான் உடனே மின்சாரத்தை நிறுத்த வேண்டும். தவறினால் உயிருக்கே கேடு. முன்பு இக்கருவிகளில் எண்ணெய் நிரப்பி வில்லை அணைத்தனர். எண்ணெயே தீப்பற்றும் அபாயம் அதில் இருந்தது. 11,000 வோல்ட் அளவுக்கு இன்று பெரிதும் வழங்குவது வெற்றிட முறிப்பானே.

பீங்கானால் மூடிய குப்பியினுள் இரு முனைகள். பிரிந்து நிற்கும் தூரம் ஏறக்குறைய 10 மில்லிமீட்டர். உள்ளிருக்கும் காற்றழுத்தம் வளிமண்டல அழுத்தத்தில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கினும் குறைவு. எரியக் காற்றில்லாத இவ்விடத்திலும் வில் பிறக்கின்றது! முனைகளின் சொந்த உலோக ஆவியே அதற்கு உடல். எதிர்மின் முனையில் சிறுசிறு ஒளிப்புள்ளிகள் தோன்றி ஓடித் திரிந்து அவ்வாவியைக் கக்குகின்றன. மேலெழும் காற்று இல்லாமையால், பெயர் வில்லாயினும் டேவி கண்டதுபோல் அது மேல்நோக்கி வளைவதில்லை.

நம் நாட்டு மாறுமின்சாரம் நொடிக்கு 50 சுற்று. ஆகவே நொடிக்கு 100 முறை அது சுழியைத் தொடுகின்றது. அத்தருணத்தில் புள்ளிகள் அவிகின்றன. ஆவி சுற்றியுள்ள உலோகக் கவசத்தில் படிந்துவிட, நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குகூட ஆவதில்லை. மின்னழுத்தம் மீண்டும் ஏறுகையில் மின்சாரம் பற்றிச் செல்ல அங்கே எதுவுமில்லை.

கலிபோர்னியாவில் சோரன்சனும் மெண்டன்ஹாலும் இம்முறையை 1926-இலேயே காட்டினர். ஆனால் உலோகத்தினுள் ஒளிந்திருக்கும் வாயுவை நீக்கி, குப்பியைப் பல்லாண்டு கசியாமல் காக்கும் கலை கைவர முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

வில் விரைவில் அவிவதே நன்று என எண்ணலாம், அவ்வாறன்று. மின்னோட்டம் சிறிதாகும்போது ஆவி போதாமல் வில் சுழிக்கு முன்பே அறுபட்டால், மோட்டார்ச் சுருளில் தேங்கிய ஆற்றல் போக்கிடமின்றி மின்னழுத்தமாக எகிறிச் சுருளின் காப்பைத் துளைத்துவிடும். இதனால்தான் சிற்றோட்டத்திலும் ஆவி தந்து வில்லைச் சுழிவரை தாங்கக்கூடிய செம்பு–குரோமியக் கலவையால் முனைகளைச் செய்கின்றனர்; அதன்மேலும், தேவைப்படும் இடங்களில் மோட்டாரின் அருகே எழுச்சித் தடுப்பான் ஒன்றையும் பொருத்துகின்றனர்.