கிளறாத சோறு

செங்கம் சாலை உணவகம் ஒன்றின் மெனுவில் ‘பயேயா’ என்ற பெயரைப் பார்த்த திருவண்ணாமலை வாசகர் ஒருவர், அது ஸ்பெயின் நாட்டுப் பிரியாணிதானா என்று கேட்டிருக்கிறார். அரிசி, கறி, மேலே மஞ்சள் நிறம் எல்லாவற்றையும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். செய்முறையிலோ இரண்டும் எதிரெதிர்த் துருவங்கள். பிரியாணிக்கு ஆழமான அண்டா வேண்டும். ஆவியை வெளியே விடாமல் மூடி அடைப்பதுதான் தம். பயேயாவுக்கோ விளிம்பு தாழ்ந்த, அகலமான, மெல்லிய இரும்புச் சட்டி. மூடி கிடையாது, ஆவி தாராளமாக வெளியேற வேண்டும். அதன் சூட்சுமம் மசாலாவைவிடச் சட்டியில்தான் அதிகம்.

பயேயாவின் தாயகம் ஸ்பெயினின் கிழக்குக் கரையிலுள்ள வலென்சியா. அங்கே அல்புஃபேரா ஏரியைச் சுற்றியுள்ள நெல் சாகுபடி அரேபியர் ஆட்சிக்காலத்தில் வேரூன்றியது. கோழி, முயல், தட்டையான பச்சை பீன்ஸ், நம் சந்தையில் டபுள் பீன்ஸ் என்று விற்கும் இனத்தைச் சேர்ந்த பெரிய வெள்ளைப் பயறு, தக்காளி, குங்குமப்பூ ஆகியவை அவ்வூர்ப் பழைய முறையின் சரக்கு. காய்கறி மட்டும் போட்டுச் செய்வதும் உண்டு. அரிசி பரப்பியபின் அதன் உயரம் விரல் பருமனைத் தாண்டக் கூடாது. அதனால் ஆள் கூடினால் சட்டியின் ஆழம் கூடாது, அகலம்தான் கூடும். ஐந்தாறு பேருக்கு 40 சென்டிமீட்டர் விட்டமுள்ள சட்டி என்றால், பத்துப் பேருக்கு 50 சென்டிமீட்டர். விட்டம் பத்தே சென்டிமீட்டர் கூடினாலும் பரப்பு ஒன்றரை மடங்குக்கு மேல் ஆகிவிடும். அங்குள்ள பல உணவகங்களில் மதியத்தில் மட்டும், குறைந்தது இருவருக்கு என்றுதான் ஆர்டர் எடுப்பார்கள். சொன்ன பிறகே அரிசி சட்டிக்குப் போகும் என்பதால் காத்திருக்கத்தான் வேண்டும்.

இந்தச் சமையலின் உச்சம் கடைசி இரண்டு நிமிடங்கள். கொதிக்கும் சாற்றில் அரிசியைப் பரப்பியபின் கரண்டி போடுவதில்லை. கிளறினால் மாவுச்சத்து கரைந்து சோறு குழையும். ஏறத்தாழ பதினெட்டு நிமிடத்தில் சாறு முழுவதையும் அரிசி குடித்துவிடும். சாறு இருக்கும் வரை சட்டியின் அடி ஏறத்தாழ 100 டிகிரியைத் தாண்டாது. அதற்கு மேல் தரும் சூடு எல்லாம் ஆவியாகிப் போகும். சாறு வற்றியதும்தான் அடியில் தங்கிய எண்ணெய் சூடேறும். 140, 150 டிகிரியை எட்டும்போது சர்க்கரையும் புரதத்தின் அமினோ அமிலங்களும் வினைபுரிந்து பழுப்பு நிறமும் வறுத்த மணமும் பிறக்கும். இதற்கு மயார் வினை என்று பெயர். சமையல்காரர் இதைக் கண்ணால் பார்க்க முடியாது. மேலே இருப்பது வெறும் சோறு. காதைத்தான் தீட்டிக்கொள்ள வேண்டும். தளதளவென்ற கொதிச்சத்தம் அடங்கி, கடுகு பொரிவதைப் போலப் படபடவென்று கேட்டால் அடி முறுகுகிறது என்று அர்த்தம். மணம் கசப்பாக மாறுவதற்குள் சட்டியை இறக்கிவிட வேண்டும். இப்படிக் கிடைக்கும் மொறுமொறுப்பான அடிப்படலம்தான் ‘சொக்கராத்’. வலென்சியாக்காரர்கள் அதைச் சுரண்டிச் சாப்பிடப் போட்டி போடுவார்கள்.

அடிப்பிடித்த சோற்றைப் போய்ப் புகழ்வதா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் கருகியது வேறு, முறுகியது வேறு. கருகியதை வலென்சியாவிலும் தூரத்தான் கொட்டுவார்கள். சர்க்கரைப் பொங்கல் பானையின் காந்தலுக்கு நம் வீடுகளிலும் அடிதடி உண்டு. நாம் தற்செயலாக விட்டதை அவர்கள் திட்டமிட்டுச் செய்கிறார்கள், அவ்வளவே. நம் அரிசி இதற்குத் தாங்காது என்பது இன்னொரு ஆட்சேபம். வடித்துச் சாப்பிடும் பொன்னிக்கு அது பொருந்தலாம். வலென்சியாவின் ‘போம்பா’ அரிசி தன் அளவைப்போல் இரண்டரை, மூன்று மடங்கு சாறு குடித்தும் வெடிக்காமல் நிற்கும். அதற்கு நிகரான வேலைக்கு நம்மிடம் சீரகச் சம்பா இருக்கிறது. சாற்றின் ருசியை வாங்கிக்கொண்டும் உதிரியாக நிற்கும் அதன் குணத்துக்குத் திண்டுக்கல் பிரியாணியே சாட்சி. அதை விட்டுவிட்டு, கிடைத்த அரிசியில் மஞ்சள்தூளும் குடைமிளகாயும் போட்டுக் கிளறி ‘ஸ்பானிஷ் ரைஸ்’ என்று விற்பதில் ஸ்பெயினும் இல்லை, தமிழ்நாடும் இல்லை. குங்குமப்பூ விலை கட்டாது என்று ஸ்பெயினிலேயே பலர் நிறப்பொடி போடுகிறார்கள், அதைக்கூட மன்னித்துவிடலாம். அரிசியில் காட்டும் அலட்சியத்தைத்தான் மன்னிக்க முடியாது.

ஸ்பெயின் தன் அரிசியை நடத்தும் விதமே தனி. முர்சியா பகுதியின் கலஸ்பாரா அரிசிக்கு 1986-இலேயே ஊர்ப்பெயர்ப் பாதுகாப்புக் கிடைத்தது. 2021-இல் வலென்சிய அரசு பயேயாவைப் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தது. கேரளமும் பாலக்காடு மட்டை, நவரை ஆகிய அரிசிகளுக்குப் புவிசார் குறியீடு வாங்கியிருக்கிறது. திருவண்ணாமலை மாவட்டத்திலோ, தமிழகம் முழுக்க மவுசுள்ள ஆரணி அரிசி இருக்கிறது. ஆனால் கடையில் நாம் கேட்பதெல்லாம் வெள்ளையாக இருக்கிறதா, பழசா என்ற இரண்டே கேள்விகள். மூட்டையில் ஆலையின் பெயர் பெரிதாக இருக்கும். எந்த வயல், என்ன ரகம் என்பதைத் தேட வேண்டும். நெல் ஜெயராமன் போன்றவர்கள் ஊர் ஊராக அலைந்து 170-க்கும் மேற்பட்ட பாரம்பரிய ரகங்களை மீட்டுக் கொடுத்தார்கள். அவை விதைத் திருவிழாவோடு நின்றுவிட்டால் பயனில்லை. அடுப்பில் ஏற வேண்டும். காப்பிக் கொட்டை எந்த மலையில் விளைந்தது என்று பலகையில் எழுதிவைக்கும் உணவகங்கள், சோறு என்ன ரகம் என்பதையும் மெனுவில் ஒரு வரி அச்சிடட்டும். அந்த வரி இல்லாத இடத்தில் சாப்பிடுகிறவர் கேட்கட்டும். நாலு பேர் கேட்டால் ஐந்தாவது ஆளுக்கு அது அச்சில் வந்துவிடும்.