பதில் சொல்லாத பயிற்றுநர்

ஆசிரியரிடம் தீர்வைச் சொல்லாமல், கேள்வி கேட்டு, அவர் சொன்னதைத் திருப்பிச் சொல்லி, அவராகவே அடுத்த அடியை முடிவுசெய்யும் வரை உடனிருக்கும் உரையாடலுக்கு ஆசிரியர் கல்வியில் ‘காக்னிட்டிவ் கோச்சிங்’ என்று பெயர். கலிஃபோர்னியாவைச் சேர்ந்த கல்வியாளர்கள் ஆர்தர் கோஸ்டாவும் ராபர்ட் கார்ம்ஸ்டனும் 1984-ல் இதை வகுத்தார்கள். நம் ஊர்ப்பக்கம் கோச்சிங் என்றால் நீட், டிஎன்பிஎஸ்சி வகுப்புகளின் பெயர்ப்பலகைதான் கண்ணுக்குள் வரும். ஆனால் அந்தச் சொல் ஹங்கேரியில் ‘கோச்’ என்னும் ஊரில் செய்யப்பட்ட குதிரைவண்டியின் பெயரிலிருந்து பிறந்தது. கோஸ்டாவும் கார்ம்ஸ்டனும் அந்த வண்டியையே உவமையாகக் கொண்டார்கள். ஏறியவர் போக நினைக்கும் இடத்துக்குத்தான் வண்டி போக வேண்டும்.

சங்கரன்கோவில் ஒன்றியத்தின் தொடக்கப்பள்ளிகளில் இந்த வண்டியை ஓட்டக்கூடியவர் என்று ஒருவரைக் காட்ட வேண்டுமானால், அவர் வட்டார வள மையத்தின் ஆசிரியர் பயிற்றுநர். பள்ளிகளுக்கு நேரில் போவதும், வகுப்பை உற்றுநோக்கி ஆசிரியருக்குத் துணை நிற்பதும் அவருடைய பணி. 2022 ஜூனில் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் தொடங்கிப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என நிலை பிரித்துக் கற்பிக்கும் முறை வந்தபிறகு இந்த வருகைகளுக்கு முக்கியத்துவம் கூடியிருக்கிறது. எனினும் வாசலில் வண்டி வந்து நின்றதும் பதிவேடுகளைத் தேடும் பழக்கம் விடவில்லை. 1854-ல் சார்லஸ் வுட்டின் கல்வி அறிக்கை உதவிநிதியையும் பள்ளி ஆய்வையும் ஒன்றாக முடிச்சுப்போட்டது. அன்று தொடங்கிய இன்ஸ்பெக்டர் பயம் தலைமுறைகள் தாண்டியும் பள்ளிக்குள் உட்கார்ந்திருக்கிறது. வருபவர் குறை காணத்தான் வருகிறார் என்று ஆசிரியர் நினைத்துவிட்டால், அன்று நடப்பது அவருடைய வழக்கமான வகுப்பாக இருக்காது. காட்டுவதற்கென்று நடத்திய வகுப்பாகிவிடும்.

காக்னிட்டிவ் கோச்சிங்கில் உரையாடல் வகுப்புக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. விசைத்தறி ஓடும் தெருவை ஒட்டிய ஒரு பள்ளியில், மூன்றாம் வகுப்பில் கடன் வாங்கிக் கழித்தல் நடத்தப்போகும் டீச்சரை எடுத்துக்கொள்ளலாம்.

“பாதிப் பேரு கடன் வாங்குற இடத்துலயே தடுமாறுறாங்க சார்.”

“அந்த இடத்துலதான் நிக்கிறாங்கன்னு சொல்றீங்க. இன்னைக்கு எதைப் பாத்தா, ‘சரி, பிடிபட்டுருச்சு’ன்னு உங்களுக்குத் தோணும் டீச்சர்?”

“52-ல 27 போனா எவ்வளவுன்னு போட்டா, 35-னு எழுதாம இருக்கணும்.”

“நான் உக்காந்து எதைக் குறிச்சுக்கட்டும்?”

“யாரெல்லாம் 35 எழுதுறாங்கன்னு பாருங்க சார். எழுதும்போது வாய்க்குள்ள என்ன சொல்றாங்கன்னும் கேளுங்க.”

எதைக் கவனிப்பது என்று முடிவுசெய்தவர் டீச்சர். முறையின் உயிர்நாடி இந்த இடம்தான். வகுப்பு முடிந்ததும் பயிற்றுநர், குறித்துவைத்த தாளை டீச்சர் முன் வைக்கிறார். ஐந்து பேர் 35 எழுதியிருக்கிறார்கள். ஐந்து பேரும் முணுமுணுத்தது, “ஏழுல ரெண்டு போனா அஞ்சு.” பயிற்றுநர் கருத்து எதுவும் சொல்லவில்லை, “இதைப் பாத்ததும் என்ன தோணுது?” என்று மட்டும் கேட்டுவிட்டுக் காத்திருக்கிறார்.

“ரெண்டுலருந்து ஏழு போகாதுன்னு அவங்களுக்குத் தெரியுது சார். அதனாலதான் மாத்திப் போட்டுக்கிறாங்க. ஆனா இதே பிள்ளைங்க கடைக்குப் போனா மீதிக் காசைச் சரியா வாங்கிட்டு வருவாங்க…” சற்று நேரம் கழித்து, “நாளைக்குக் கரும்பலகையில தொடங்க வேண்டாம். அஞ்சு பத்து ரூபாய்த் தாளும் ரெண்டு ஒரு ரூபாயும் கையில குடுத்து 27 ரூபா எடுக்கச் சொல்றேன். பத்து ரூபாயை மாத்தாம எடுக்க முடியாதுல்ல.”

காசு கொடுத்துப் பார்க்கும் யோசனை பயிற்றுநருக்கு முதலிலேயே தெரிந்திருக்கலாம். அவர் அதைச் சொல்லியிருந்தால் ஒரு கணக்குக்குத்தான் உதவியிருக்கும். பிள்ளை தப்பாக எழுதுவதற்குப் பின்னாலும் ஒரு காரணம் இருக்கிறது என்று டீச்சரே கண்டுகொண்டது, பெருக்கலுக்கும் வகுத்தலுக்கும் கூடவே வரும்.

இந்த உரையாடலுக்குக் கருவிகள் மூன்று: இடைவெளி விடுதல், திருப்பிச் சொல்லுதல், கேள்வி. மேரி பட் ரோ 1970-களில் வகுப்பறைகளை ஆராய்ந்தபோது, கேள்வி கேட்ட ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருந்தார்கள். மூன்று விநாடி காத்திருந்தபோது பதில்கள் நீண்டன. பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். பெரியவர்களிடமும் அந்த மௌனம் வேலை செய்கிறது. கேள்வியின் முதல் சொல்லிலும் கவனம் வேண்டும். மேலிருந்து வருபவர் “ஏன் இப்படிச் செஞ்சீங்க?” என்றால், அரசுப் பள்ளி ஆசிரியரின் காதில் அது விளக்கம் கேட்கும் மெமோவாகவே விழும். “என்னென்ன வழி தோணுது?” என்றால் மனம் திறக்கும். “காசு வச்சு நடத்திப் பாத்தீங்களா?” என்பது கேள்வி வேடம் போட்ட அறிவுரை, பலரும் தடுக்கி விழும் இடம் அது.

தன்னால் முடியும் என்ற நம்பிக்கை, பல கோணத்தில் பார்க்கும் நெகிழ்வு, வேலை நேர்த்தி, தான் செய்வதைத் தானே அறிந்திருத்தல், பிறரோடு சேர்ந்து நிற்றல் என்று ஐந்து மனநிலைகளைக் கோஸ்டாவும் கார்ம்ஸ்டனும் சொல்கிறார்கள். ஆசிரியரிடம் இவை வளர்வதே உரையாடலின் நோக்கம்.

ஆசிரியருக்கு நேரடியாகவே சொல்ல வேண்டிய நேரமும் உண்டு. பணியில் சேர்ந்த முதல் மாதத்தில் தவிக்கும் ஆசிரியருக்கு வழி காட்ட வேண்டும். பாடத்தில் பிழை இருந்தால் சொல்லித் திருத்த வேண்டும். கோச்சிங், கூட்டாக வேலை செய்தல், ஆலோசனை, மதிப்பீடு என்று நான்கையும் கோஸ்டாவும் கார்ம்ஸ்டனுமே பிரித்துவைத்திருக்கிறார்கள். இவற்றில் மதிப்பீட்டைக் கோச்சிங்கோடு கலப்பதுதான் ஆபத்து. உரையாடலில் மனம்விட்டுச் சொன்னது, வருகையைப் பதியும் செயலியில் குறையாகப் பதிவானால் அடுத்த வருகையில் டீச்சர் வாய் திறக்க மாட்டார். பயிற்றுநரிடம் இரண்டு வேலையையும் ஒப்படைத்திருக்கும் வரை, இன்று எந்த வேலையாக வந்திருக்கிறேன் என்பதை உட்காரும் முன்பே அவர் சொல்லிவிட வேண்டும்.

மேத்யூ கிராஃப்ட், டேவிட் பிளேசர், டிலன் ஹோகன் மூவரும் ஆசிரியர் கோச்சிங் பற்றிய 60 ஆய்வுகளைத் தொகுத்து 2018-ல் வெளியிட்டார்கள். அமெரிக்காவிலும் பிற வளர்ந்த நாடுகளிலும் செய்தவை அவை. கற்பித்தல் நன்றாகவே மேம்பட்டிருந்தது. மாணவர் அடைவு அதைவிடக் குறைந்த அளவில் உயர்ந்திருந்தது. திட்டம் பெரிதாகப் பெரிதாகப் பலன் சுருங்கியது. ஒரே நேரத்தில் மாநிலம் முழுக்கத் திட்டம் தொடங்கும் தமிழ்நாடு கவனிக்க வேண்டிய செய்தி இது.

நேரம்தான் பெரிய முட்டுக்கட்டை. ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் பேச உட்கார்ந்தால் ஐந்து வகுப்பும் மற்றவர் தலையில் விழும். ஆனால் முன் உரையாடலுக்குப் பத்து நிமிடம் போதும். காலை வழிபாட்டுக்கு முன் முடித்துவிடலாம். பயிற்றுநர் மாதத்துக்கு ஒருமுறைதான் வர முடிகிறது என்றால், பக்கத்து அறை ஆசிரியரே இந்தக் கேள்விகளைக் கேட்கலாம். குறுவள மையக் கூட்டங்களில் இருவர் இருவராக உட்கார்ந்து பழகலாம். கேட்டுக் கேட்டுப் பழகியபின், எதிரே ஆள் இல்லாமலும் இது நடக்கிறது. அந்த டீச்சர் மறுநாள் பாடக்குறிப்பேட்டின் ஓரத்தில் “முதலில் காசு, அப்புறம் எழுத்து, யார் யார் மாற்றிப் போடுகிறார்கள்?” என்று தனக்கே எழுதிவைத்துக்கொண்டு வகுப்புக்குள் போகிறார்.