கரை அவருடையது, உயிர் யாருடையது?

சிறுவாச்சூரில் அம்மன் கோயில் நடை வாரத்தில் திங்கள், வெள்ளி என இரு நாள் திறக்கும். வெள்ளமோ நாளும் பார்ப்பதில்லை, கோளும் பார்ப்பதில்லை. நள்ளிரவில் வரும், படுத்திருப்பவனைப் பாயோடு சுருட்டும். நாம் பேச வந்தது கோயிலைப் பற்றியன்று. ஓடையை மறித்துத் தனியார் எழுப்பும் மண்கரையைப் பற்றி!

கென்யா நாட்டிலே நகுரு வட்டாரத்தில் சொலாய் என்றோர் ஊர். அங்கே பண்ணை முதலாளி தம் பாசனத்துக்குத் தேக்கிய நீருக்குப் படேல் அணை என்று பெயர். 2018 மே 9 இரவு, பெருமழையிலே அந்தக் கரை உடைந்தது. மேட்டிலே தேங்கிய நீர் பள்ளத்திலே உறங்கிய ஏழையர் மீது பாய்ந்தது. 47 பேருக்குக் குறையாமல் மாண்டனர். பெண்களும் பிள்ளைகளும் அதில் பலர். பிறகுதான் அதிகாரிகள் வாய் திறந்தார்கள்: அணைக்கு உரிமமே இல்லையாம்! கரை நின்றபோது காணாத கண், உடைந்தபின் எங்கிருந்து வந்தது? வழக்கு வந்தது, மாண்டவர் வரவில்லை.

"மண்கரைதானே!" என்பார் சிலர். மண்கரை என்பதால்தான் அஞ்சுகிறோம், தோழர்களே! கலிங்கு சிறுத்தால் மிகுநீர் கரைமேல் வழியும். வழிந்த நீர் வெளிச்சரிவை அரிக்கும். சில மணி நேரத்தில் கரையே இராது. அதுகூட வேண்டாம், ஓர் எலிவளை போதும், மக்கிய வேர் விட்ட துளை போதும். முதலில் தெளிந்து கசியும், பிறகு கலங்கி வரும். கலங்கி வந்தால், கரையின் வயிற்று மண் வெளியேறுகிறது என்று பொருள். இதைச் சொல்ல இன்ஜினீயர் வேண்டாம்; ஏரிக்கரையில் வளர்ந்த நீர்பாய்ச்சி சொல்வார்.

சட்டம் இல்லையா? இருக்கிறது! 2021ஆம் ஆண்டு அணைப் பாதுகாப்புச் சட்டம். தனியாரையும் அது கட்டுப்படுத்தும். ஆனால் அணை 15 மீட்டருக்கு மேல் உயர்ந்திருக்க வேண்டும். 10 முதல் 15 மீட்டர் என்றால் நீளம், கொள்ளளவு என்று வேறு நிபந்தனைகள். அதற்கும் கீழே? சட்டத்தின் ஏட்டிலே இடமில்லை. 9 மீட்டர் என்பது ஐந்தாள் உயரமய்யா! குடிசையை மூழ்கடிக்க அது போதாதா?

வெள்ளத்தின் வேகம் நம் மாவட்டத்தார்க்குப் புதிதன்று. 1956 நவம்பர் 23 அன்று, அரியலூர் அருகே மருதையாற்று வெள்ளம் பாலத்தைச் சிதைத்தது. தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ரயில்வே அமைச்சர் லால்பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். அங்கே விலகுவதற்கு ஓர் அமைச்சராவது இருந்தார். தனியார் கரை உடைந்தால் யார் விலகுவார்? பட்டாவிலிருந்து முதலாளி விலகுவாரா?

"என் நிலம், என் நீர்" என்பார் அவர். கரைக்குள் நிற்கும்வரை சரி. கரை தாண்டிய நீர் யாருடையது?

உயரம் பாராமல் ஒவ்வொரு தனியார் கரையும் பதிவாக வேண்டும்; ஆண்டுதோறும் மழைக்கு முன் சோதிக்கப்பட வேண்டும்; செலவு உடையவர் தலையில் விழ வேண்டும். இதைத்தான் கேட்கிறோம்.

அதுவரை நாம் சும்மா இருப்பதா? ஐப்பசிக்கு முன் கிளைத் தோழர்கள் கரைகளைச் சென்று பாருங்கள். கலிங்கு உண்டா, அதை அடைத்திருக்கிறார்களா, கசிவு உண்டா, கீழே எத்தனை வீடு என்று எழுதுங்கள். எழுதியதை வட்டாட்சியரிடம் கொடுத்து, கையோடு ரசீது வாங்குங்கள். நகல் ஒன்று நமக்கும் வரட்டும்.