லூல்கந்துர முதல் ஹந்தானை வரை: ஒரு கோப்பைத் தேநீரின் வரலாறு

காலையில் கண் விழித்ததும் தேநீர். விருந்தினர் வந்தால் தேநீர். நோன்பு திறந்த பின்னரும் தேநீர். நமது வாழ்வோடு இவ்வளவு நெருங்கிவிட்ட இப்பானம் எவ்வாறு உருவாகின்றது, யாருடைய உழைப்பினால் நம்மை வந்தடைகின்றது என்பதை நாம் சிந்திப்பது குறைவு. அந்த வரலாற்றின் தொடக்கமோ கண்டி மாநகரையும் அதன் சுற்றுப்புறங்களையும் சார்ந்ததாகும்.

பேராதனைத் தாவரவியல் பூங்காவுக்கு 1824ஆம் ஆண்டிலேயே சீனாவிலிருந்து தேயிலைச் செடி கொண்டுவரப்பட்டது. எனினும் அக்காலத்தில் மலைநாட்டை ஆண்டது கோப்பியே. ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த ஜேம்ஸ் டெய்லர் 1867ஆம் ஆண்டில் ஹேவாஹெட்டப் பகுதியின் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலையைப் பயிரிட்டார். இரண்டு ஆண்டுகளில், 1869இல், கோப்பிச் செடிகளைத் துரு நோய் தாக்கியது. கோப்பி அழிந்த நிலங்களில் தேயிலை வேரூன்றியது.

டெய்லரின் முதல் தொழிற்சாலை அவரது பங்களாவின் விறாந்தையே. மேசைகளில் பரப்பிய கொழுந்தைத் தொழிலாளர்கள் கைகளால் உருட்டினர்; கரி அடுப்புகளின் மேல் அது உலர்த்தப்பட்டது. 1872இல் அங்கு இயந்திரங்களுடன் கூடிய தொழிற்சாலை அமைந்தது. மறு ஆண்டு 23 இறாத்தல் தேயிலை இலண்டனுக்கு அனுப்பப்பட்டது. 1892இல் மறைந்த டெய்லர், கண்டி மஹியாவ மயானத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

இன்றும் அடிப்படை முறை பெரிதும் மாறவில்லை. பறிக்கப்படுவது இரண்டு இலையும் ஒரு மொட்டும். பச்சைக் கொழுந்தில் முக்கால் பங்குக்கு மேல் நீரே. ஆகவே முதலில் அது நீண்ட தட்டுகளில் பரப்பப்பட்டு, பல மணிநேரம் காற்றில் வாட்டப்படுகின்றது. வாடிய கொழுந்து உருளைகளில் அரைபட்டுச் சாறு வெளிப்படும்போது, அது காற்றிலுள்ள ஒட்சிசனுடன் சேர்ந்து செப்பு நிறம் பெறுகின்றது. இந்தக் கட்டத்தை 'புளிக்க வைத்தல்' என்று அழைப்பது வழக்கம். ஆனால், மதுபானத் தயாரிப்பில் நிகழும் நொதித்தலுக்கும் இதற்கும் தொடர்பில்லை. இங்கு மதுசாரம் உருவாவதில்லை. வெட்டி வைத்த அப்பிள் நிறம் மாறுவதைப் போன்றதே இந்த மாற்றமும். உரிய நிறமும் மணமும் வந்தவுடன் வெப்பக் காற்றினால் உலர்த்தி அம்மாற்றம் நிறுத்தப்படுகின்றது. இறுதியில் ஏறத்தாழ 3 சதவீத ஈரமே எஞ்சும். பின்னர் சலித்து, துகளின் அளவுக்கேற்பத் தரம் பிரிக்கப்படுகின்றது. ஒரு கிலோ தேயிலைக்கு ஏறக்குறைய நான்கரைக் கிலோ கொழுந்து வேண்டும்.

இந்த நான்கரைக் கிலோவையும் மழையிலும் பனியிலும் மலைச்சரிவில் நின்று பறிப்பவர்கள், பெரும்பாலும் பெண்கள். தமிழகத்திலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு வந்த மக்களின் வழித்தோன்றல்கள் அவர்கள். 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் இம்மக்களில் பெரும்பாலானோரை நாடற்றவராக்கியது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை இரு நாடுகளுக்கிடையே பங்கிட்டது. எஞ்சியோரின் பிரஜாவுரிமைப் பிரச்சினைக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டமே வழி திறந்தது. நாளாந்தச் சம்பளம் 2021இல் 1,000 ரூபாவாகவும், நீண்ட இழுபறிக்குப் பின் 2024 செப்டெம்பரில் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாவாகவும் நிர்ணயிக்கப்பட்டன. ஒவ்வொரு உயர்வும் போராட்டத்தின் பின்னரே கிட்டியது.

கண்டிக்கு அண்மையில், ஹந்தானையில், 1925இல் கட்டப்பட்ட தொழிற்சாலை 2001 முதல் தேயிலை அருங்காட்சியகமாக விளங்குகின்றது. பழைய உருளைகளும் இயந்திரங்களும் அங்கு பேணப்படுகின்றன. கம்பளைக்கு அப்பால், பழைய பீகொக் தோட்டத்தில், தொழிலாளர் வாழ்ந்த லயன் அறைகளிலேயே 2007இல் மற்றுமொரு அருங்காட்சியகம் தோன்றியது. அங்குள்ளவை அவர்கள் புழங்கிய பொருட்களும் அவர்களது வரலாற்று ஆவணங்களும். முன்னதைக் காணச் செல்லும் நமது மாணவர்கள் பின்னதையும் காண வேண்டும். இயந்திரத்தின் வரலாறு மாத்திரம் தேயிலையின் வரலாறாகிவிடாது.

'சிலோன் டீ' என்ற பெயர் உலகெங்கும் மதிக்கப்படுகின்றது. அந்த மதிப்பில் ஒரு பங்கு, கொழுந்து பறிக்கும் கைகளுக்கும் சேர வேண்டும். நியாயமான சம்பளம், சொந்தக் காணி, பாதுகாப்பான வீடு என்பன சலுகைகள் அல்ல. இரண்டு நூற்றாண்டு உழைப்பின் நிலுவை என்பதே எமது கருத்து.