தலைப்பு கிடைத்துவிட்டது, சிக்கல் எங்கே?

தாம்பரத்தில் அந்த்யோதயா ரயில் ஏறுகிறவர்களுக்குச் சாந்த்ராகாச்சி என்பது வண்டி நிற்கும் கடைசி ஊர். கொல்கத்தாவுக்கு எதிரே, ஹூக்ளி ஆற்றின் மேற்குக் கரையில், ஹவுராவுக்குச் சற்று முன்னால் இருக்கிறது. வங்காளிகளுக்கு அது சேனைக்கிழங்குக்குப் பேர்போன இடம். விலங்கியலும் சூழலியலும் படிக்கும் மாணவர்களுக்கோ, ரயில் நிலையத்தை ஒட்டிக் கிடக்கும் ஏரிதான் சாந்த்ராகாச்சி. குளிர்காலத்தில் ஆயிரக்கணக்கில் வாத்துகள் அங்கே இறங்குகின்றன. ஆய்வுக்குத் தலைப்பு தேடுகிறவருக்கு இதைவிட வசதியான இடம் கிடைக்காது. அந்த வசதிதான் தொல்லை.

‘சாந்த்ராகாச்சி ஏரியின் பறவைகள் – ஓர் ஆய்வு’ என்று ஒருவர் பதிவு செய்கிறார் என வையுங்கள். நம் தமிழ்த் துறைகளில் ‘இன்னாரின் புதினங்களில் பெண்கள் – ஓர் ஆய்வு’ என்று வருகிறதே, அதே குடும்பம். இடம் இருக்கிறது, பொருள் இருக்கிறது. தெரியாதது எது என்பது மட்டும் இல்லை. பைனாகுலரோடு உட்கார்ந்து பட்டியல் போடலாம், பட்டமும் வாங்கிவிடலாம். ஆனால் நமக்குத் தெரிந்த இரண்டு செய்திகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாத இடத்தில்தான் ஆய்வுச் சிக்கல் பிறக்கிறது.

அந்த ஏரியில் அப்படிப்பட்ட இடங்களுக்குக் குறைவில்லை. அங்கே கூடும் பறவைகளில் பெரும்பகுதி சீழ்க்கைச் சிறகி என்ற வாத்து. வெளிநாட்டு விருந்தாளி என்று எழுதிவிடுவது எளிது. உண்மையில் இது இந்தியாவிலேயே வாழும் இனம், நம்மூர் ஏரிகளிலும் உண்டு. ஊசிவால் வாத்து, கருவால் வாத்து போன்ற நெடுந்தூரப் பயணிகள் அங்கே சிறுபான்மைதான். சீழ்க்கைச் சிறகி பெரும்பாலும் இரவில் மேயும். நெல்வயல்களையும் ஆழமில்லாத நீர்நிலைகளையும் தேடிப் போகும். பகலில் கூட்டமாக ஓய்வெடுக்கத்தான் அதற்கு ஏரி வேண்டும். ஏரி படுக்கையறை, சமையலறை வேறெங்கோ.

இது தெரிந்ததும் கேள்வியே மாறிவிடுகிறது. ஒரு குளிர்காலத்தில் வாத்துகள் குறைந்தால் ‘ஏரி அழுக்கானதால்’ என்று உடனே சொல்லிவிடுகிறோம். இருக்கலாம். சுற்றுவட்டார வயல்கள் வீட்டுமனைகள் ஆனதாலும் இருக்கலாம். பகலில், ஏரியில் மட்டும், எத்தனை ஆண்டு எண்ணினாலும் இந்த இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது. அந்தி சாய்ந்தபின் அவை எந்தத் திசையில், எவ்வளவு தூரம் போகின்றன என்று தேடத் தொடங்கினால்தான் அது ஆய்வு.

ஆகாயத்தாமரையும் அப்படித்தான். தென்னமெரிக்காவிலிருந்து வந்து வங்காளத்தின் நீர்நிலைகளை மூடிய இந்தச் செடியை ஒழிக்க 1936இல் தனிச் சட்டமே போட்டார்கள். அது ஏரி முழுவதும் பரவினால் வாத்துகளுக்கு இறங்கத் தண்ணீர் இல்லை. முழுவதையும் அகற்றினால் உட்கார இடம் இல்லை. அதனால் குளிர்காலத்துக்கு முன் ஒரு பகுதியை அகற்றிவிட்டு, மீதியைத் திட்டுத் திட்டாக விட்டுவைக்கிறார்கள். ‘ஆகாயத்தாமரை நல்லதா, கெட்டதா?’ என்பது பட்டிமன்றத் தலைப்பு. எவ்வளவு மிச்சம் வைக்கலாம், திட்டு எத்தனை பெரிதாக இருக்கலாம், எந்த மாதத்தில் வெட்டலாம் என்பவை அளந்து பார்க்கக்கூடிய கேள்விகள். விடை எப்படியும் வரலாம். நெறியாளருக்கும் முன்கூட்டித் தெரியாது.

சட்டமோ பொது நிர்வாகமோ படிப்பவருக்கு இதே ஏரியில் வேறொரு சிக்கல். நிலம் ரயில்வேயினுடையது, பறவைகள் வனத்துறையின் பொறுப்பு, கழிவுநீர் நகரத்தினுடையது. சூழலியலாளர் சுபாஷ் தத்தா இதைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை கொண்டுபோனார். மூன்று கைகளில் இருக்கும் ஓர் ஏரியை யார் செலவில் காப்பாற்றுவது என்பதற்குப் பறவைப் பட்டியலில் விடை இல்லை.

கேள்வியைத் திருப்பிப் போட்டதால் என்ன கிடைக்கும் என்பதற்குக் கொல்கத்தாவிலேயே பெரிய சான்று இருக்கிறது. துருவஜோதி கோஷ் மேற்கு வங்க அரசின் பொறியாளராக இருந்தவர். 1980களின் தொடக்கத்தில் நகரத்தின் கழிவுநீரைப் பற்றி ஆராயும் வேலை அவரிடம் வந்தது. எந்தச் சுத்திகரிப்பு இயந்திரம் வாங்கலாம் என்று அறிக்கை எழுதியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். இந்தத் தண்ணீர் இப்போது எங்கே போகிறது என்று அவர் கேட்டார். கால்வாயோடு கிழக்கே போய்ப் பார்த்தார். ஆழம் குறைந்த மீன்பண்ணைக் குளங்களில் வெயிலும் பாசியும் நுண்ணுயிரிகளும் கழிவைச் சிதைப்பதையும், பாசியை மீன் தின்பதையும், குளத்திலிருந்து வெளியேறும் நீர் நெல்லுக்குப் பாய்வதையும் கண்டார். மீனவர்களும் விவசாயிகளும் தலைமுறைகளாக அறிந்திருந்ததை அரசின் கோப்புகள் அறிந்திருக்கவில்லை. சுமார் 12,500 ஹெக்டேர் பரப்புள்ள அந்தக் கிழக்குக் கொல்கத்தா ஈரநிலம் 2002இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது.

கோஷ் செய்ததை நம் மாணவர்களால் செய்ய முடியாது என்று நான் நினைக்கவில்லை. அதற்கு அவகாசம் தரப்படுவதில்லை, அவ்வளவுதான். சேரும்போதே படிவத்தில் தலைப்பை எழுதச் சொன்னால், நூலகத்தில் ஏற்கெனவே இருக்கும் நாலு தலைப்புகளை மாற்றிப் போட்டு எழுதுவதைத் தவிர அவர்களுக்கு வேறு வழி ஏது? நெறியாளர்கள் படிவத்தின் தலைப்புக் கட்டத்தைக் கொஞ்ச நாள் வெறுமையாக விடட்டும். ஏரியோ, ஆவணக் காப்பகமோ, சந்தையோ, மாணவர் ஒரு பருவம் அங்கே இருந்துவிட்டு வரட்டும். தலைப்பை அதன்பிறகு கேளுங்கள்.